தரவு காட்டும் தடம்: குற்றவாளியை ஊகிப்பதில் எண்கள் எவ்வளவு தூரம் உதவும்?

இங்கிலாந்தின் வடபகுதியில் 1975 அக்டோபருக்கும் 1980 நவம்பருக்கும் இடையே பீட்டர் சட்கிளிஃப் என்ற லாரி ஓட்டுநர் 13 பெண்களைக் கொன்றான். மேலும் 7 பெண்களைக் கொல்ல முயன்றான். அந்த ஐந்து ஆண்டுகளில் போலீசார் அவனை ஒன்பது முறை விசாரித்தார்கள். ஒன்பது முறையும் விட்டுவிட்டார்கள். லீட்ஸ் நகரின் மில்கார்த் காவல் நிலையத்தில் இந்த வழக்குக்காகக் குவிந்த குறிப்பு அட்டைகளின் பாரம் தாங்காமல் அறையின் தளத்தையே வலுப்படுத்த வேண்டிவந்தது. கொலையுண்ட ஒரு பெண்ணின் கைப்பையில் கிடைத்த புத்தம்புதிய ஐந்து பவுண்டு நோட்டு எந்தெந்த நிறுவனங்களின் சம்பளக் கவருக்குப் போயிருக்கும் என்று தேடியபோது, சட்கிளிஃப் வேலை பார்த்த நிறுவனமும் பட்டியலில் வந்தது. சிவப்பு விளக்குப் பகுதிகளில் அவனுடைய கார் தென்பட்டது தனியே பதிவாகியிருந்தது. உயிர் பிழைத்த பெண்கள் சொன்ன அங்க அடையாளங்கள் இன்னொரு கோப்பில் இருந்தன. எல்லாமே ஒரே ஆளைச் சுட்டின. ஆனால் அவை ஒரே மேசைக்கு வந்து சேரவில்லை.

இதற்கிடையே 1979 ஜூனில் ஓர் ஒலிநாடா வந்தது. கொலைகளைச் செய்தது தானே என்று சொன்ன அந்தக் குரலில் சண்டர்லாந்து வட்டாரத்தின் பேச்சு வழக்கு இருந்தது. விசாரணைத் தலைமை அதை அப்படியே நம்பியது. அந்தப் பேச்சு வழக்கு இல்லாதவர்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து கழிக்கப்பட்டார்கள். பிராட்ஃபோர்டைச் சேர்ந்த சட்கிளிஃபுக்கு அது கவசமாகிவிட்டது. நாடாவை அனுப்பியவன் வெறும் ஏமாற்றுப் பேர்வழி என்பது 2006இல் மரபணுச் சோதனைக்குப் பிறகு நீதிமன்றத்தில் உறுதியானது.

1980 டிசம்பரில் தடயவியல் அறிஞர் ஸ்டூவர்ட் கைண்ட் வேறொரு வழியில் யோசித்தார். குற்றங்கள் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, அவற்றின் ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட்டார். வீட்டிலிருந்து தொலைவில் போய்க் குற்றம் செய்பவன் திரும்பிவர நேரம் வேண்டும் என்பதால் சீக்கிரமே செய்வான், அருகில் என்றால் பின்னிரவிலும் செய்வான் என்று நேரத்தையும் கணக்கில் சேர்த்தார். கொலைகாரன் பிராட்ஃபோர்டு பகுதியில் வசிக்கிறான் என்பது அவருடைய முடிவு. அது சரியாக இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு களத்தில் பயன்படுவதற்குள், 1981 ஜனவரி 2 அன்று ஷெஃபீல்டில் காரின் போலி நம்பர் பிளேட்டுக்காகச் சட்கிளிஃப் தற்செயலாகச் சிக்கினான்.

குற்றவாளியை முன்கூட்டி ஊகிக்கும் முயற்சியின் இரு முகங்களும் இந்த ஒரே வழக்கில் இருக்கின்றன. அவன் இப்படிப்பட்டவன்தான் என்று மனத்தில் பதிந்த சித்திரம் விசாரணையைக் கெடுத்தது. எங்கே முதலில் தேடலாம் என்று சொன்ன எண் சரியான திசையைக் காட்டியது. கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளைப் பார்க்கும்போது இந்த வேறுபாடுதான் திரும்பத் திரும்ப உறுதியாகிறது. ஆளின் உள்ளத்தை வரைவதில் இந்தத் துறை பெரிதாக வெல்லவில்லை. குற்றங்களை ஒன்றோடொன்று இணைப்பதிலும், தேடலுக்கு வரிசை போட்டுத் தருவதிலும் அதற்கு மெய்யான பலன் உண்டு.

புகழ்பெற்ற ஊகங்கள், பலவீனமான சான்றுகள்

குற்றம் நடந்த விதத்திலிருந்து அதைச் செய்தவரின் வயது, தொழில், குணம், குடும்ப நிலை ஆகியவற்றை ஊகிக்கும் இந்த முறைக்கு 'புரொஃபைலிங்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதன் புகழ் நியூயார்க்கில் தொடங்கியது. 1940களிலும் 1950களிலும் அங்கே திரையரங்கு, ரயில் நிலையம், நூலகம் என்று பொது இடங்களில் ஒருவன் குண்டு வைத்துவந்தான். 1956இல் மனநல மருத்துவர் ஜேம்ஸ் பிரசல் அவனைப் பற்றி ஒரு கணிப்பைத் தந்தார். பிடிபடும்போது இரட்டை வரிசைப் பொத்தான் வைத்த கோட்டை அணிந்திருப்பான் என்றுகூட அவர் சொன்னதாகக் கதை பரவியது. 1957 ஜனவரியில் ஜார்ஜ் மெட்டெஸ்கி கைதானான். அவனைக் காட்டிக்கொடுத்தவை கான் எடிசன் மின் நிறுவனத்தின் பழைய இழப்பீட்டுக் கோப்புகள். குண்டு வைத்தவன் எழுதிய கடிதங்களில் இருந்த சொற்றொடர்கள், வேலையில் காயம்பட்ட ஒரு முன்னாள் ஊழியரின் கோப்பிலும் இருந்ததை அந்நிறுவனத்தின் பெண் அலுவலர் ஒருவர் கண்டுபிடித்தார். மருத்துவர் பெயர் வரலாற்றில் நின்றது. கோப்புகளைப் பொறுமையாகப் புரட்டிய அலுவலரின் உழைப்பு மறக்கப்பட்டது.

1972இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நடத்தை அறிவியல் பிரிவைத் தொடங்கியது. ராபர்ட் ரெஸ்லர், ஜான் டக்ளஸ் முதலியோர் சிறைகளுக்குச் சென்று, பாலியல் வன்மத்தோடு கொலை செய்த 36 பேரிடம் பேசினார்கள். அதிலிருந்து இரண்டு வகைகளை வகுத்தார்கள். திட்டமிட்டு, கருவிகளோடு வந்து, தடயத்தை அழித்துவிட்டுப் போகிறவன் ஒரு வகை. அறிவுக்கூர்மை உடையவன், குடும்பமும் வேலையும் உள்ளவன் என்று அவனை வருணித்தார்கள். கண்டபடி தாக்கி, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறவன் மற்ற வகை. தனியன், வேலையில்லாதவன் என்றார்கள். திரைப்படங்களும் நாவல்களும் இந்தப் பாகுபாட்டை உலகுக்கே பழக்கின. ஆனால் அந்த 36 பேர் முறைப்படி எடுத்த மாதிரி அல்லர், பேசச் சம்மதித்தவர்கள். எல்லோரிடமும் ஒரே சீரான கேள்விகள் கேட்கப்படவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை.

இந்தப் பாகுபாட்டைச் சோதிக்க நெடுங்காலம் யாரும் முன்வரவில்லை. 2004இல் டேவிட் கான்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் தொடர்கொலைகாரர்கள் செய்த 100 கொலைகளை எடுத்து, 39 கூறுகள் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று பார்த்தார்கள். இரண்டு தனித்தனி வகைகள் தெரியவில்லை. திட்டமிடலின் அடையாளங்கள் ஏறக்குறைய எல்லாத் தொடர்கொலைகளிலும் இருந்தன. வேறுபாடு மற்ற கூறுகளில்தான் இருந்தது. அதற்கு முன்பே 2002இல் ஆண்ட்ரியாஸ் மோக்ரோஸ், லாரன்ஸ் அலிசன் ஆகியோர் இன்னும் அடிப்படையான கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரி குற்றம் செய்தவர்கள் ஒரே மாதிரி ஆட்களா? முன்பின் அறியாத பெண்கள்மீது வல்லுறவு நிகழ்த்திய 100 பிரிட்டிஷ் குற்றவாளிகளை ஆராய்ந்தார்கள். குற்றச் செயல்கள் ஒத்திருந்தவர்களிடையே வயதும் சமூகப் பின்னணியும் பழைய குற்றப் பதிவுகளும் ஒத்திருக்கவில்லை. மனிதன் சூழலுக்கேற்ப நடந்துகொள்கிறவன். எதிர்ப்பு வந்தால் ஒன்று செய்வான், ஆள் அரவம் கேட்டால் வேறொன்று செய்வான். செயலிலிருந்து ஆளுக்கு நேர்கோடு போட முடியாததற்கு இதுவே காரணம்.

அப்படியானால் அனுபவமுள்ள போலீஸ் அதிகாரிகள் இதை ஏன் இவ்வளவு நம்புகிறார்கள்? 2003இல் அலிசனும் அவருடைய குழுவினரும் நடத்திய சோதனை இதற்கு விடை தருகிறது. ஒரு வழக்கில் தரப்பட்ட உண்மையான கணிப்பை இரு குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மெய்யான குற்றவாளியின் விவரத்தையும், மற்றக் குழுவுக்குக் கற்பனையாகத் தயாரித்த, பல கூறுகளில் முற்றிலும் வேறான ஒருவனின் விவரத்தையும் தந்தார்கள். இரு குழுக்களிலும் பெரும்பாலானோர் கணிப்பு ஓரளவாவது பொருந்துகிறது என்றே சொன்னார்கள். வார ராசிபலன் யார் படித்தாலும் அவருக்கே எழுதியதுபோல் இருப்பதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இங்கும். சுயமதிப்புக் குறைந்தவன், பெண்களோடு பழகச் சிரமப்படுகிறவன் என்று எழுதினால் யாருக்குத்தான் பொருந்தாது?

பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி கேரி காப்சன் 1995இல் வெளியிட்ட ஆய்வின் எண்கள் இந்த இடைவெளியைத் துலக்கமாகக் காட்டுகின்றன. 184 வழக்குகளில் ஆலோசனை பெற்ற அதிகாரிகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அது பயன்பட்டது என்றார்கள். வழக்கைத் தீர்க்க உதவியதாகச் சொல்லப்பட்டது 14.1 சதவீத வழக்குகளில். குற்றவாளியை அடையாளம் காட்டியது 2.7 சதவீதத்தில் மட்டுமே. தாம் முன்பே நினைத்திருந்ததை நிபுணர் ஒருவர் உறுதிப்படுத்திய நிம்மதியே பலருக்கும் பயனாகத் தெரிந்தது.

அந்த நிம்மதிக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்க நேரும். 1992 ஜூலையில் லண்டனின் விம்பிள்டன் காமன் திடலில் ஓர் இளம் தாய் தன் இரண்டு வயது மகன் கண்ணெதிரில் கொல்லப்பட்டார். உளவியலாளர் பால் பிரிட்டன் தந்த கணிப்பு அக்கம்பக்கத்தில் தனியாக வாழ்ந்த ஓர் ஆணுக்குப் பொருந்துவதாகப் போலீசார் நினைத்தார்கள். அவரைக் காதலிப்பதுபோல் நடிக்கப் பெண் போலீஸ் ஒருவரை அனுப்பி மாதக்கணக்கில் பேச வைத்தார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. இருந்தும் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 1994 செப்டம்பரில் நீதிபதி ஆக்னல் இந்த முறையையே கண்டித்து வழக்கைத் தள்ளினார். உண்மையான கொலைகாரன் ராபர்ட் நாப்பர், போலீசார் தவறான ஆளைச் சுற்றிக்கொண்டிருந்த 1993 நவம்பரில் இன்னொரு தாயையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றான். 2008இல்தான் அவன் முதல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பழி சுமந்தவருக்கு 7,06,000 பவுண்டு இழப்பீடு தரப்பட்டது. அந்தத் தாய்க்கும் மகளுக்கும் எந்தத் தொகையும் ஈடாகாது.

கொலையைவிடத் திருட்டில் தரவு அதிகம் பேசும்

தரவை நம்பும் முறை இங்கிருந்து பிரிகிறது. தனி நிபுணரின் உள்ளுணர்வை விட்டுவிட்டு, தீர்க்கப்பட்ட நூற்றுக்கணக்கான வழக்குகளை எடுத்து, எந்தச் செயலோடு எந்தப் பின்னணி எத்தனை முறை சேர்ந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதே இதன் அடிப்படை. இந்தத் திசைக்கு வழி திறந்தவர் டேவிட் கான்டர். 1986இல் லண்டன் ரயில் பாதைகளை ஒட்டி நடந்த வல்லுறவு, கொலை வழக்கில் சர்ரே பல்கலைக்கழகத்திலிருந்த அவரிடம் உதவி கேட்டார்கள். முதல் குற்றங்கள் நடந்த இடங்களைச் சுற்றியே குற்றவாளி வசித்திருப்பான் என்று அவர் கில்பர்ன் பகுதியைச் சுட்டினார். ஏறக்குறைய 2,000 பேர் கொண்ட சந்தேகப் பட்டியலில் 1,505ஆவதாக இருந்த ஜான் டஃபி அந்தக் கணிப்பால் மேலே வந்தான், 1988இல் தண்டிக்கப்பட்டான். ஆனால் அவனுடைய கூட்டாளி டேவிட் மல்காஹி தண்டனை பெற 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புகழ்பெற்ற வெற்றியிலும் பாதி வேலை மீதமிருந்தது.

தொடர்கொலை அரிதானது. அரிதான ஒன்றிலிருந்து உறுதியான புள்ளியியல் முடிவு எடுக்க முடியாது. வீடு புகுந்து திருடும் கன்னக்களவோ அன்றாடம் நடப்பது. அமெரிக்காவில் இத்தகைய வழக்குகளில் துப்புத் துலங்குவது நூற்றுக்கு 13 அளவில்தான் இருந்துவந்திருக்கிறது. தரவு மிகுதி, தேவையும் மிகுதி. பிரையன்னா ஃபாக்ஸ், டேவிட் ஃபாரிங்டன் ஆகிய குற்றவியல் ஆய்வாளர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். புளோரிடா மாநிலத்தில் தீர்க்கப்பட்ட 405 கன்னக்களவு வழக்குகளை எடுத்தார்கள். உள்ளே நுழைந்த விதம், கருவி கொண்டுவந்ததா இல்லையா, எதை எடுத்தார்கள், வீட்டைக் கலைத்துப் போட்டார்களா, ஆள் இருந்தார்களா என்ற கூறுகளைக் கணினியில் இட்டு, அவை தாமாகவே எப்படிக் குழுக்களாகப் பிரிகின்றன என்று பார்த்தார்கள். முன்கூட்டி வகுத்த வகைகளில் வழக்குகளை அடைப்பதற்கு நேர் எதிரான வழி இது.

நான்கு பாணிகள் கிடைத்தன. கருவியோடு வந்து விலையுயர்ந்த பொருளைக் குறிவைக்கும் திட்டமிட்ட திருட்டு. வீட்டைக் குதறிப்போட்டுத் தடயம் விட்டுச்செல்லும் தாறுமாறான திருட்டு. திறந்திருந்த கதவைப் பார்த்து நுழையும் சந்தர்ப்பத் திருட்டு. வீட்டில் இருக்கும் ஆளையே மனத்தில் வைத்து நுழையும், பகையோ வக்கிரமோ கலந்த நுழைவு. ஒவ்வொரு பாணியோடும் எத்தகைய வயது, குற்ற வரலாறு, வாகன வசதி ஆகியவை சேர்ந்து வருகின்றன என்பதையும் கணக்கிட்டார்கள். பிறகு மிக முக்கியமான காரியம் ஒன்றைச் செய்தார்கள்: களத்தில் சோதித்தார்கள். ஒரு காவல் துறைக்கு இந்தக் கணிப்புகளைப் பயன்படுத்தப் பயிற்சி தந்து, அதை ஒத்த வேறு சில காவல் துறைகளை வழக்கம்போல் இயங்கவிட்டார்கள். பயிற்சி பெற்ற துறையில் கன்னக்களவுக்கான கைது விகிதம் மற்றவற்றைப்போல் மும்மடங்கானது. 2015இல் வெளியான இந்த ஆய்வு, நடப்பு விசாரணையில் இத்தகைய கணிப்பு பலன் தருகிறதா என்று நேரடியாகச் சோதித்த அரிய முயற்சி.

இந்த வெற்றியைக் கொண்டாடலாம். கேள்வியும் கேட்க வேண்டும். பயிற்சி பெற்றது ஒரே ஒரு துறை. அங்கே உயர்ந்த எண்ணிக்கைக்கு, பயிற்சியால் வந்த புதிய கவனமும் ஊக்கமும் எவ்வளவு காரணம் என்று பிரித்தறிய இன்னும் பல இடங்களில் இதைச் செய்துபார்க்க வேண்டும். கைது என்பது தண்டனையும் அல்ல. இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. தரவு முழுவதும் பிடிபட்டவர்களைப் பற்றியது. பிடிபடாமலே போகும் திறமைசாலித் திருடனின் வயதோ பழக்கமோ எந்த அட்டவணையிலும் இல்லை. ஆகவே கணிப்பு, எளிதில் பிடிபடுகிறவனை இன்னும் எளிதில் பிடிக்க உதவுவதாகக் குறுகிவிடக்கூடும்.

இணைப்பதும் இடம் காட்டுவதும்

ஃபாக்ஸும் ஃபாரிங்டனும் 2018இல், 1976 முதல் 2016 வரை வெளியான 426 ஆய்வு வெளியீடுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். ஆய்வுமுறைகளின் தரம் காலப்போக்கில் உயர்ந்திருக்கிறது என்பது ஒரு முடிவு. ஒரே ஆளின் கைவரிசையா என்று வழக்குகளை இணைத்துப் பார்க்கும் பகுப்பாய்வு நல்ல துல்லியத்தோடு செயல்படுகிறது என்பது மற்றொன்று. அந்த ஆள் யார், எப்படிப்பட்டவன் என்று கேட்காமல், இந்த இரண்டையும் செய்தவன் ஒருவன்தானா என்று மட்டும் கேட்கும்போது தரவு தெளிவாகப் பதில் சொல்கிறது.

அதிலும் வியப்பான ஓர் உண்மை இருக்கிறது. கிரெய்க் பென்னல், கான்டர் இருவரும் 2002இல் வணிகக் கட்டடங்களில் நடந்த கன்னக்களவுகளை ஆராய்ந்தார்கள். எந்த வழியில் நுழைந்தான், எதை எடுத்தான் என்ற பாணியைவிட, இரண்டு குற்ற இடங்களுக்கும் இடையேயுள்ள தூரமே அவை ஒரே ஆளின் வேலையா என்பதை நன்றாகக் காட்டியது. நுழையும் வழியைக் கட்டடம் தீர்மானிக்கிறது. சுற்றித் திரியும் பகுதியைத் திருடனே தேர்ந்தெடுக்கிறான்.

நியூயார்க் காவல் துறை 2016 டிசம்பரில் 'பேட்டர்னைசர்' என்ற மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. பத்தாண்டுக் கால வழக்குகளில் பயிற்சி பெற்ற அது, கன்னக்களவு, வழிப்பறி, பெருந்திருட்டு வழக்குகளை நகரம் முழுவதும் ஒப்பிட்டு, ஒரே ஆளின் வேலையாக இருக்கக்கூடியவற்றை வரிசைப்படுத்தித் தருகிறது. ஒரு காவல் நிலைய எல்லைக்குள் ஊசியைக் காட்டி மிரட்டி நடந்த திருட்டை, தொலைவில் வேறொரு நிலையத்தில் பதிவான அதே மாதிரித் திருட்டோடு இணைத்துக்காட்டியது. அதை உருவாக்கியவர்கள் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பழைய தொடர் குற்றங்களில் மூன்றில் ஒரு பங்கை முழுமையாகவும், 80 சதவீதத்தைப் பகுதியளவிலும் அது மீட்டெடுத்தது. சந்தேக நபரின் இனத்தை அதற்குரிய தரவிலிருந்து வேண்டுமென்றே நீக்கியிருந்தார்கள். இறுதி முடிவு பகுப்பாய்வு அலுவலர் கையில்தான். இந்தக் கட்டுப்பாடுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கருவியின் தரம் புரியும்.

இடத்தைக் கணிக்கும் முறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கிம் ராஸ்மோ. வான்கூவர் காவல் துறையில் பணியாற்றிக்கொண்டே 1995இல் இத்துறையில் முனைவர் பட்டம் பெற்றார். குற்றவாளி வீட்டை ஒட்டிய தெருக்களில் அடையாளம் தெரிந்துவிடும் என்று ஒதுங்குவான். அதற்கு அப்பால், தனக்குப் பழகிய வட்டத்தில் செயல்படுவான். தொலைவு கூடக்கூட வாய்ப்புக் குறையும். இந்த எளிய அடிப்படையில் அவருடைய சூத்திரம் வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பைத் தருகிறது. எங்கிருந்து கதவைத் தட்டத் தொடங்குவது என்பதற்கு அது ஒரு வரிசை.

இதற்கும் எல்லை உண்டு. 2004இல் ப்ரென்ட் ஸ்னூக்கும் சக ஆய்வாளர்களும் சாதாரண மக்களுக்குக் கைக்கு அடக்கமான ஒரு விதியைச் சொல்லித்தந்தார்கள்: பெரும்பாலான குற்றவாளிகள் குற்ற இடங்களுக்கு அருகிலேயே வசிக்கிறார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் காட்டிய இடங்கள் கணிதச் சூத்திரத்துக்கு ஈடாக இருந்தன. விலையுயர்ந்த மென்பொருள் வாங்குவதற்கு முன் எந்தக் காவல் துறையும் படிக்க வேண்டிய ஆய்வு இது. அத்தோடு, வேறு ஊரிலிருந்து வந்து குற்றம் செய்துவிட்டுத் திரும்புகிறவனிடம் எந்தச் சூத்திரமும் தோற்றுவிடும்.

எண் சரியாகச் சொன்னாலும் கேட்க ஆள் வேண்டும். வான்கூவரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு பகுதியில் பெண்கள் காணாமல் போவது இயல்பான அளவைவிட மிக அதிகம், தொடர்கொலைகாரன் இருக்கக்கூடும் என்று ராஸ்மோ 1990களின் இறுதியிலேயே எச்சரித்தார். மேலதிகாரிகள் செவிசாய்க்கவில்லை. அந்தக் கொலைகாரன் ராபர்ட் பிக்டன் கைதானது 2002 பிப்ரவரியில்தான். காணாமல் போனவர்கள் ஏழைகள்; பலர் பூர்வகுடிப் பெண்கள்; பாலியல் தொழிலில் இருந்தவர்கள் பலர். அவர்கள் உயிருக்கு அதிகாரம் வைத்திருந்த மதிப்புதான் அந்த எச்சரிக்கைக்கும் கிடைத்தது.

தரவே பொய் சொல்லும்போது

ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007 ஏப்ரலில் ஓர் இளம் பெண் போலீஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த மரபணு, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் நடந்த ஏறத்தாழ 40 குற்றங்களில் கிடைத்த ஒரு பெண்ணின் மரபணுவோடு ஒத்துப்போனது. கொலை, கொள்ளை, சில்லறைத் திருட்டு என்று எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். 3,00,000 யூரோ பரிசு அறிவித்தார்கள். 2009 மார்ச்சில் உண்மை வெளிவந்தது. அப்படியொரு குற்றவாளியே இல்லை. தடயம் சேகரிக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மரபணு அந்தக் குச்சிகளில் ஒட்டியிருந்தது. கணினி தவறு செய்யவில்லை. ஒரே மரபணு நாற்பது இடங்களில் இருந்தது மெய். அது அங்கே எப்படி வந்தது என்று கேட்கத்தான் தாமதமானது.

அதே கொலை இன்னொரு பாடத்தையும் தருகிறது. அதைச் செய்தது என்.எஸ்.யு. என்ற நவநாஜிக் கும்பல். 2000 முதல் 2006 வரை அது துருக்கிய வம்சாவளியினர் எட்டுப் பேரையும் கிரேக்கர் ஒருவரையும் கொன்றிருந்தது. போலீசார் இறந்தவர்களின் குடும்பங்களையே போதைப்பொருள், மாஃபியா தொடர்பு என்று ஆண்டுக்கணக்கில் துளைத்தெடுத்தார்கள். 2006இல் பவேரியப் பகுப்பாய்வாளர்கள், துருக்கியர்மீதான வெறுப்பு காரணமாக இருக்கலாம் என்று சரியாகவே ஊகித்தார்கள். ஆனால் கொலைகாரர்களின் இருப்பிடத்தை நூரம்பெர்க் பக்கம் தேடினார்கள். அவர்களோ சாக்சனி மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு ஊர் ஊராகப் போய்க் கொன்றவர்கள். 2007இல் பாடன்-வுர்ட்டம்பெர்க் குற்றப்பிரிவு இன்னொரு பகுப்பாய்வைத் தந்தது. கொலையை விலக்கப்பட்டதாகக் கருதும் நம் பண்பாட்டின் விழுமியங்களுக்கு மிக அப்பாற்பட்ட ஆளே இதைச் செய்திருப்பான் என்று அது சொன்னது. அதாவது, ஜெர்மானியன் செய்திருக்க மாட்டான் என்பதே அதன் பொருள். 2011 நவம்பரில் உண்மை வெளிப்பட்டபோது, கொலைகாரர்கள் மூவரும் ஜெர்மானியர்கள். ஆய்வு மொழியில் எழுதப்பட்டதால் முன்முடிவு ஆய்வாகிவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

நம் மண்ணின் பதிவேடு

பிறப்பை வைத்துக் குற்றவாளியை ஊகிக்கும் பதிவேடு நம் மண்ணிலேயே சட்டமாக இருந்தது. 1871இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. மதுரை வட்டாரத்தில் ரேகைச் சட்டம் என்று மக்கள் அழைத்த அந்தச் சட்டத்தின்கீழ், ஒரு சாதியில் பிறந்த ஆண்கள் கைரேகை பதித்து, காவல் நிலையத்தில் ஆஜராகி, ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 15க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் ஒழிந்தது. ஆனால் அதன் தர்க்கம் அறிவியல் உடையில் திரும்பி வரக்கூடியது. பதிவேட்டில் இருப்பவனையே போலீஸ் முதலில் பிடிக்கும். பிடித்ததால் கைது எண்ணிக்கை ஏறும். எண்ணிக்கை ஏறியதால் பதிவேடு சரி என்று ஆகும். இந்த வட்டத்துக்குள் புகுந்த எந்தக் கணினியும் பழைய அநீதியைப் புதிய சதவீதமாக மாற்றித் தரும்.

இன்று இது கோட்பாட்டு அச்சம் மட்டும் அல்ல. 2009இல் ஒப்புதல் பெற்ற சி.சி.டி.என்.எஸ். திட்டம் நாட்டின் ஏறக்குறைய எல்லாக் காவல் நிலையங்களையும் ஒரே வலையமைப்பில் இணைத்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், தண்டிக்கப்பட்டவர்களோடு கைதானவர்களின் கைரேகை, கருவிழி, உயிரியல் மாதிரி, கையெழுத்து போன்றவற்றையும் சேகரிக்க வழிசெய்கிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஒரு வீட்டில் பூட்டை உடைத்துத் திருட்டு நடந்தால், அதே பாணியில் முன்பு கைவரிசை காட்டியவர்கள் யார், அவர்களில் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர் யார் என்று பார்ப்பது நம் தனிப்படைகளின் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கம் எத்தனை முறை சரியான ஆளிடம் சேர்த்தது, எத்தனை முறை தவறான ஆளை அடிவாங்க வைத்தது என்பதைக் கணக்கிட வேண்டிய தரவு இப்போது கைவசம் இருக்கிறது. அதைக் கணக்கிடுவதுதான் தரவு சார்ந்த புலனாய்வின் முதல் படி.

எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

ஒரு சிறு கணக்கு இந்த விவாதத்தைத் தெளிவாக்கும். பத்து இலட்சம் ஆண்கள் வாழும் நகரம் ஒன்றில், ஒரு கணிப்பு அவர்களில் 95 சதவீதத்தினரைச் சரியாகவே விலக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அற்புதமான துல்லியம் என்று தோன்றும். ஆனாலும் மிச்சம் 50,000 பேர். அவர்களில் 49,999 பேர் நிரபராதிகள். கணிப்புக்குப் பொருந்துகிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைப் பிடித்து வைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு வேறு வாதம் தேவையில்லை. அதே 95 சதவீதம், கைரேகை, மரபணு, செல்போன் பதிவு ஆகியவற்றை யாரிடம் முதலில் ஒப்பிடலாம் என்று வரிசை போடும்போது பெரும் கொடையாகிறது.

ஆகவே ஒரு கணிப்பை ஏற்பதற்கு முன் சில கேள்விகள் கட்டாயம். எத்தனை வழக்குகளிலிருந்து இது வந்தது? தவறினால் தவறியது என்று தெரியும்படி, சோதிக்கக்கூடிய சொற்களில் எழுதப்பட்டிருக்கிறதா? பழைய வழக்குகளில் அல்லாமல் நடப்பு வழக்குகளில் சோதித்தார்களா? பொருந்தாமல் போனவற்றைப் பதிவு செய்கிறார்களா? சாதி, மதம், இனம், குடியிருப்பு ஆகியவை நேராகவோ மறைவாகவோ உள்ளே நுழைந்திருக்கின்றனவா? விற்பவரைச் சாராத ஒருவர் அதை மதிப்பிட்டாரா? இவற்றுக்கு விடை இல்லாத கணிப்பு, நிபுணர் வாயிலிருந்து வந்தாலும் கணினித் திரையிலிருந்து வந்தாலும், ஊகம்தான்.

சட்கிளிஃப் வழக்கின் தோல்வியை ஆராய்ந்த பைஃபோர்டு அறிக்கைக்குப் பிறகு, 1980களின் நடுவில் பிரிட்டன் ஹோம்ஸ் என்ற கணினி அமைப்பை நிறுவியது. பெரிய வழக்குகளின் தகவல்களை ஒரே இடத்தில் தேடும்படி செய்ததே அதன் வேலை. எந்தக் கொலைகாரனின் மனத்தையும் அது படிக்கவில்லை. ஆனால் பெரிய விசாரணைகளின் அடித்தளமானது. நம் காவல் துறையும் அரசும் முதலீடு செய்ய வேண்டிய இடம் இதுவே. முதல் தகவல் அறிக்கையில் குற்றம் நடந்த விதம் முழுமையாகவும் ஒரே சீராகவும் பதிவாக வேண்டும். மாவட்ட எல்லை தாண்டி அதை ஒப்பிடும் பயிற்சி பெற்ற அலுவலர்கள் வேண்டும். கணிப்பின் பேரில் விசாரிக்கப்பட்டு நிரபராதி என்று தெரிந்தவரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்க வேண்டும். கணிப்பு ஒருபோதும் நீதிமன்றத்தில் சான்றாக நிற்கக் கூடாது. இந்த ஒழுங்கு இருந்தால் தரவு, புலனாய்வாளரின் நேரத்தையும் அடுத்துப் பலியாகவிருக்கும் உயிரையும் காப்பாற்றும். இல்லாத இடத்தில் அதனால் முதலில் துன்பப்படுகிறவர்கள், தமக்காக வாதாட வக்கீல் வைக்க வசதியற்றவர்களே.